கொடியில ஊதா கிளி இருக்கற நாடு: டொமினிக்காவ கொஞ்சம் தெரிஞ்சுக்கலாமா

2023 ஜூலையில வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா அஸ்வின் ஒரே டெஸ்ட்ல 12 விக்கெட் எடுத்தாரே, ஜெய்ஸ்வால் தன்னோட முதல் டெஸ்ட்லயே 171 அடிச்சாரே, அந்த மேட்ச் ஞாபகம் இருக்கா? நம்ம நேரத்துக்கு ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கும், மூணே நாள்ல முடிஞ்சு போச்சு. அது நடந்த இடம் விண்ட்சர் பார்க் ஸ்டேடியம், டொமினிக்காவோட தலைநகர் ரோசோவுல. பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்த அக்கா பையன் "மாமா, டொமினிக்கான்னா டொமினிக்கன் ரிபப்ளிக்தானே, அங்க பேஸ்பால்தானே ஆடுவாங்க, கிரிக்கெட் எப்படி"ன்னு கேட்டான். நான் பெரிய மனுஷனாட்டம் "இதுவும் ஆடுவாங்கடா"ன்னு சொல்லி வச்சேன். சுத்த தப்பு. அது வேற நாடு, இது வேற நாடு. அவன்கிட்ட மானம் போகக்கூடாதுன்னு அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான், அப்புறம் விடவே முடியல, அந்த தீவு அவ்ளோ சுவாரசியம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வெஸ்ட் இண்டீஸ்னு ஒரு நாடே உலகத்துல கிடையாது. கிரிக்கெட்டுக்காக மட்டும் ஒரே டீமா சேர்ந்து ஆடற தனித்தனி நாடுங்க, தீவுங்க அதெல்லாம். ஜமைக்கா தனி, பார்படாஸ் தனி, செயின்ட் லூசியா தனி, ஒவ்வொண்ணுக்கும் சொந்த கொடி, சொந்த பிரதமர். அதுல ஒண்ணுதான் டொமினிக்கா. வடக்க குவாடலூப், தெக்க மார்ட்டினிக், ரெண்டும் இன்னிக்கும் பிரான்ஸ் கையில இருக்கற தீவுங்க, அதுங்களுக்கு நடுவுல இது மட்டும் சுதந்திர நாடு. பரப்பளவு சுமார் 750 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை சுமார் எழுபதாயிரம். அந்த இன்னொரு டொமினிக்கன் ரிபப்ளிக் ஒரு கோடிக்கு மேல ஜனங்க இருக்கற ஸ்பானிஷ் பேசற பெரிய நாடு. குழப்பம் வராம இருக்க ஒரு சின்ன வழி உச்சரிப்புதான், இவங்க "டொமி-நீ-க்கா"ன்னு மூணாவது அசைய இழுத்து அழுத்தி சொல்லுவாங்க, அவங்க "டொ-மி-னிக்கன்"னு ரெண்டாவதுல அழுத்துவாங்க. எழுத்துல பாத்தா ரெண்டு நாட்டுக்காரங்களையும் ஒரே மாதிரிதான் எழுதணும், பாவம்.

பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1493 நவம்பர் 3-ந் தேதி கொலம்பஸ் கப்பல்ல அந்த பக்கம் வந்தார், அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, லத்தீன்ல ஞாயித்துக்கிழமைக்கு டொமினிக்கா, அவ்ளோதான், பேர் வச்சாச்சு. ஏற்கெனவே அங்க குடியிருந்த கலினாகோ மக்கள் அந்த தீவுக்கு வச்சிருந்த பேர் வைத்துகுபுலி. "அவள் உடம்பு உயரமானது"ன்னு அர்த்தமாம். கடல்லேர்ந்து பாத்தா நிமிர்ந்து நிக்கற எரிமலைங்க, அதுல மோர்ன் டியாப்ளோட்டின் 1,447 மீட்டர், அவ்ளோ சின்ன தீவுக்கு அது ரொம்பவே உயரம். ரெண்டு பேர்ல எது பொருத்தம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. வேடிக்கை என்னன்னா இந்த நாடு சுதந்திரம் வாங்கினதும் நவம்பர் 3-தான், 1978-ல.

இப்ப முழுப் பேர். "காமன்வெல்த் ஆஃப் டொமினிக்கா". இங்கதான் புதுசா படிக்கறவங்க தடுக்கி விழுவாங்க. காமன்வெல்த்னா பிரிட்டிஷ்காரன்கிட்ட இருந்து வந்த நாடுங்களோட சங்கம்தானே, அது எப்படி ஒரு நாட்டோட பேர்ல வரும்னு. ரெண்டும் வேற வேற. இந்த பேர்ல காமன்வெல்த்துன்னா பொதுநல அரசு, ஏறக்குறைய குடியரசு மாதிரி. "ரிபப்ளிக்"னு நேரா வச்சிருந்தா பக்கத்து டொமினிக்கன் ரிபப்ளிக்கோட தபால்லேர்ந்து தூதரகம் வரைக்கும் எல்லாம் மாறிப் போயிருக்கும், அதனால இந்த வார்த்தைய புடிச்சாங்க. அந்த காமன்வெல்த் சங்கத்துலயும் இவங்க மெம்பர்தான், அது தனிக் கணக்கு.

சரி, கொடிக்கு வருவோம், என்ன இழுத்ததே அதுதான். பச்சை துணி. நடுவுல ஒரு சிலுவை, ஆனா சிலுவை ஒரே கலர் இல்ல, மஞ்சள், கருப்பு, வெள்ளைன்னு மூணு கோடு ஒட்டி ஒட்டி போகும். நட்ட நடுவுல ஒரு செவப்பு வட்டம், வட்டத்துக்குள்ள சுத்தியும் பத்து பச்சை நட்சத்திரம், அதுங்களுக்கு நடுவுல கிளையில உக்காந்திருக்கு ஒரு கிளி. கிளியோட நெஞ்சு ஊதா கலர். உலகத்துல இருக்கற நாடுங்களோட கொடியில ஊதா நிறத்த தேடிப் பாருங்க, கிடைக்கவே கிடைக்காது, நிகராகுவா, எல் சால்வடார் கொடிங்கள்ல குட்டியூண்டா ஒரு வானவில் இருக்கு, அதுல கொஞ்சம் தெரியும், அத விட்டா இந்த கிளிதான். குவிஸ் போட்டிக்கு போறவங்க குறிச்சு வச்சுக்கோங்க.

பச்சை காட்டுக்கு. மஞ்சள் வெயிலுக்கும், எலுமிச்சை வாழைன்னு விளையறதுக்கும், அந்த மண்ணோட முதல் மக்களுக்கும். கருப்பு எரிமலை மண்ணுக்கும், அடிமையா கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க முன்னோருக்கும். வெள்ளை ஆத்துத் தண்ணிக்கு, அங்க வருஷத்துல நாளுக்கு ஒண்ணுன்னு 365 ஆறு இருக்குன்னு பெருமையா சொல்லுவாங்க, யாரு உக்காந்து எண்ணினாங்களோ. செவப்பு சமூக நீதிக்கு. பத்து நட்சத்திரம் பத்து பாரிஷுக்கு, பாரிஷ்னா மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க, பத்துக்கும் பேர் புனிதர்ங்க பேர்தான், செயின்ட் ஜார்ஜ், செயின்ட் பேட்ரிக், செயின்ட் ஆண்ட்ரூன்னு போயிட்டே இருக்கும்.

இத வரைஞ்சவர் ஆல்வின் புல்லி, நாடகம் எழுதினவர், ஓவியர், மேடைக்காரர். ஒரு கலைஞன் கையில கொடிய குடுத்தா இப்படித்தான் வரும், மூணு பட்டை போட்டு முடிச்சுக்கற ஆள் இல்ல. ஆனா அவர் வரைஞ்சது அப்படியே நிக்கல. 1981-ல கோடுங்களோட வரிசைய மாத்தினாங்க. 1988-ல கிளிய திருப்பி வச்சாங்க, அதுக்கு முன்னாடி வேற பக்கம் பாத்துட்டு இருந்துச்சு, இப்ப கம்பத்த பாத்து உக்காந்திருக்கு. 1990-லயும் சின்னதா கை வச்சாங்க. பழைய புத்தகத்துல பாத்த கொடியும் இப்ப பறக்கறதும் லேசா வித்தியாசமா இருந்தா பிரிண்டிங் தப்புன்னு நினைக்காதீங்க.

அந்த கிளி பேர் சிசெரு. விஞ்ஞானப் பேர் அமேசோனா இம்பீரியாலிஸ், அமேசான் கிளி வகையிலயே பெருசு, தலையிலேர்ந்து வால் வரைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணரை அடி. இது உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது, இந்த ஒரே தீவு, அதுலயும் அந்த மோர்ன் டியாப்ளோட்டின் மாதிரி உச்சி மலைக்காடுகள்ல மட்டும். பழகாத பறவை, மேல மரத்து உச்சியில இருக்கும், அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க நிறைய பேர் நேர்ல பாத்திருக்க மாட்டாங்க, கொடியில பாத்ததோட சரி. இதுக்காகவே 2000-ல அந்த மலைய தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. பல நாடு சிங்கத்த வச்சிருக்கு, கழுக வச்சிருக்கு, அந்த நாட்டுல சிங்கம் இருந்ததே இல்லன்னாலும் பரவால்ல, சும்மா கெத்துக்கு. டொமினிக்கா தன்கிட்ட மட்டுமே இருக்கற ஒரு உயிர எடுத்து கொடியில வச்சிருச்சு. அப்ப அது அழிஞ்சு போனா? கொடியில இருக்கறது செத்துப்போன ஒண்ணோட போட்டோ ஆயிடும். அதனால அங்க கிளிய காப்பாத்தறது வனத்துறை வேலை மட்டும் இல்ல, ஒரு மாதிரி மானப் பிரச்சன.

2017 செப்டம்பர் 18 ராத்திரி மரியா புயல் அதிகபட்ச வேகமான அஞ்சாம் வகையில தீவு மேல ஏறிச்சு. பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரை பறந்து போச்சுன்னு அன்னிக்கு ராத்திரியே ஃபேஸ்புக்ல போட்டார், ஒரு நாட்டோட பிரதமர், நினைச்சுப் பாருங்க, கூரை இல்லாம மழையில நின்னுட்டு போஸ்ட் போடறார். விடிஞ்சப்ப பச்சைத் தீவு பழுப்பு கலர்ல இருந்துச்சு, மரத்துல இலையே இல்ல. நாட்டோட ஒரு வருஷ உற்பத்தி மதிப்ப போல ரெண்டு மடங்குக்கு மேல சேதம். இலை இல்லாத காட்டுல கிளி என்னத்த சாப்பிடும், எங்க ஒளியும்? ஏற்கெனவே கம்மியா இருந்த சிசெரு இன்னும் கொறஞ்சுச்சு. அடுத்த வருஷம் மறுவாழ்வு மையத்துல இருந்த ரெண்டு சிசெருவையும் இன்னொரு உள்ளூர் வகையான ஜாக்கோ கிளிங்க கொஞ்சத்தையும் ஜெர்மனிக்கு ப்ளேன்ல அனுப்பிட்டாங்க, பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க. பெரிய சண்டை ஆயிடுச்சு. நம்ம தேசியப் பறவைய எப்படிடா வெளிநாட்டுக்காரன் கையில குடுப்பீங்கன்னு உள்ளூர்லயும் கோவம், பறவை ஆராய்ச்சிக்காரங்களும் எதிர்ப்பு.

இன்னொரு சின்னமும் இருக்கு, அரசு முத்திரை, பாஸ்போர்ட் மேலயும் அரசாங்க லெட்டர் தலைப்புலயும் வர்றது. அது கொடிக்கு முன்னாடியே வந்தது, 1961-ல, இன்னும் பிரிட்டிஷ் ஆட்சி இருந்தப்பவே. ரெண்டு பக்கமும் ரெண்டு சிசெரு ஒரு கேடயத்த தாங்கிப் பிடிச்சு நிக்கும், உச்சியில பாறை மேல ஒரு தங்க சிங்கம், அந்த சிங்கம் இங்கிலாந்துக்காரன் விட்டுட்டு போனது, தீவுக்கும் சிங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கேடயத்த நாலா பிரிச்சு தென்னை மரம், பாய் விரிச்ச படகு, காய்ச்ச வாழை மரம், நாலாவதா ஒரு தவளை.

தவளையா? ஆமா. அதுக்கு ஆங்கிலத்துல பேரே "மவுண்டன் சிக்கன்", மலைக்கோழி. சும்மா வச்ச பேர் இல்ல, கால் கறி கோழி மாதிரி ருசிக்கும்னு வச்சது, ஒரு கிலோ வரைக்கும் வளரும் ராட்சச தவளை, அது நாட்டோட தேசிய உணவாவே இருந்துச்சு. கேடயத்துலயும் அதே தவளை, தட்டுலயும் அதே தவளை! டூரிஸ்ட் வந்தா ஹோட்டல்ல அதத்தான் கேப்பாங்க. 2002-ல ஒரு பூஞ்சை நோய் தீவுக்குள்ள வந்துச்சு, தவளைங்க தோல தாக்கற நோய், தவளைக்கு தோல் வழியாவும் மூச்சு உண்டு, அதனால கொத்து கொத்தா செத்துச்சு, கொஞ்ச வருஷத்துலயே கிட்டத்தட்ட எல்லாம் போயிடுச்சு. இப்ப அந்த தீவ விட்டா மான்ட்செராட் தீவுல ஒரு ஓரத்துல ஒட்டிட்டு இருக்கு, அவ்ளோதான். பிடிக்கறதுக்கு தடை போட்டாச்சு. 2013-ல தேசிய உணவையே மாத்தி கலலூன்னு ஒரு கீரை சூப்ப அறிவிச்சாங்க, சேப்பங்கீரை மாதிரி இலைய தேங்காய்ப்பால்ல போட்டு கொதிக்க வைக்கறது, நமக்கு ரொம்ப அந்நியமா தெரியாது. இந்த தவளை பத்தி இன்னொண்ணு சொல்லாம போனா மனசு கேக்காது, பொம்பளத் தவளை மண்ணுக்குள்ள வளை மாதிரி பள்ளத்துல நுரையால கூடு கட்டி, குஞ்சுங்க வெளிய வர்ற வரைக்கும் கருவாகாத முட்டைய போட்டுப் போட்டு அதுங்களுக்கு சாப்பாடா குடுக்கும், தவளையில இப்படி ஊட்டி வளக்கற அம்மா அபூர்வம்.

முத்திரைக்கு கீழ ஒரு வாசகம் இருக்கு, "அப்ரே போந்யே சே லா தே". கடவுளுக்கு அப்புறம் மண்ணுதான்னு அர்த்தம். ஆங்கிலம் இல்ல, சுத்தமான பிரெஞ்சும் இல்ல, கிவேயோல்னு சொல்ற, பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிங்களும் கலந்த கிரியோல் மொழி. ஆட்சி மொழி இங்கிலீஷ், ஸ்கூல்ல இங்கிலீஷ், ஆனா வீட்ல, சந்தையில வயசானவங்க வாயில கிவேயோல். பிரிட்டிஷ்காரன் 1763-ல ஒப்பந்தம் போட்டு தீவ எடுத்துக்கறதுக்கு முன்னாடியே பிரெஞ்சுக்காரங்க அங்க தோட்டம் போட்டு உக்காந்துட்டாங்க, நடுவுல 1778-ல ஒரு தடவ திரும்பப் புடிச்சு அஞ்சு வருஷம் வச்சிருந்தாங்க, ரெண்டு பக்கத்துத் தீவும் பிரெஞ்சு. அதனால ஆட்சி மாறியும் நாக்கு மாறல. ரோசோங்கற பேரே ஆத்தோரம் வளர்ற நாணலுக்கு பிரெஞ்சுல சொல்ற வார்த்தை.

இப்ப அரசாங்கம். நம்ம நாட்டு அமைப்பு தெரிஞ்சவங்களுக்கு இது ஈஸி. ஜனாதிபதி இருக்கார், பிரதமர் இருக்கார், நிஜமான அதிகாரம் பிரதமர்கிட்ட, ஜனாதிபதி கையெழுத்து போடறவர், விழாவுக்கு வர்றவர், நாட்டோட முகம். பக்கத்துல செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, கிரெனடா எல்லாம் சுதந்திர நாடுங்கதான், ஆனா அங்க இன்னிக்கும் நாட்டுத் தலைவர் லண்டன்ல இருக்கற ராஜா, அவர் சார்பா ஒரு கவர்னர் ஜெனரல். டொமினிக்கா அந்த வேலையே வேணாம்னு முதல் நாள்லேர்ந்தே குடியரசு. இளவரசி மார்கரெட் வந்து சுதந்திரத்த குடுத்துட்டு கிளம்பினதோட அரச குடும்பத்துக்கும் இவங்களுக்கும் ஆட்சி உறவு முடிஞ்சுது. பார்படாஸ் இதே முடிவ எடுக்க 2021 ஆச்சு. ஆனா ஒரு சிரிப்பு, இவங்க பணம் கிழக்கு கரீபியன் டாலர், பல தீவுங்க சேந்து ஒரே மத்திய வங்கி வழியா அடிக்கறது, ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70-ன்னு 1976-லேர்ந்து மாறாம நிக்கற ரேட்டு, அந்த நோட்டுல எலிசபெத் ராணி படம். ராணி வேணாம்னு சொன்ன நாட்டுல பாக்கெட்ல ராணி.

ஜனாதிபதிய ஜனங்க நேரா ஓட்டு போட்டு எடுக்கறதில்ல. பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் பேசி ஒரே பேர்ல ஒத்துப் போயிட்டா போட்டியே இல்லாம அவர்தான். ஒத்துப் போகலன்னா நாடாளுமன்றத்துல ரகசிய ஓட்டு. பதவிக்காலம் அஞ்சு வருஷம், ரெண்டு தடவைக்கு மேல முடியாது.

நாடாளுமன்றத்துக்கு பேர் ஹவுஸ் ஆஃப் அசெம்பிளி, ஒரே சபை. நமக்கு லோக்சபா ராஜ்யசபான்னு ரெண்டு கட்டடம் மாதிரி இருக்கே, இவங்க ரெண்டையும் ஒரே ஹால்ல உக்கார வச்சுட்டாங்க. 21 பேர் தொகுதியில ஜெயிச்சு வர்றவங்க. கூட 9 செனட்டர்ங்க, அதுல 5 பேர பிரதமர் சொல்லி, 4 பேர எதிர்க்கட்சித் தலைவர் சொல்லி ஜனாதிபதி நியமிப்பார். தலைக்கு மேல சபாநாயகர். மொத்தமா எண்ணினா முப்பது சொச்சம் பேர், நம்ம ஊர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன்ல முதல் பந்தி கூட இத விட பெருசு. ஒரு தொகுதிக்கு சராசரியா மூவாயிரத்து சொச்சம் ஜனங்கதான் வரும், அப்படின்னா எம்.பி.க்கு ஒவ்வொரு வீடும் தெரியும், யாருக்கு யார் சொந்தம்னு தெரியும், அது நல்லதா கெட்டதான்னா, ரெண்டும்தான். ரோடு போடலன்னா நேரா வீட்டுக் கதவ தட்டி கேக்கலாம், அதே சமயம் நீ யாருக்கு ஓட்டு போட்டேன்னும் அவங்களுக்கு ஓரளவு தெரிஞ்சிருக்கும்.

தேர்தல் அஞ்சு வருஷத்துக்குள்ள நடக்கணும், அதுக்கு முன்னாடி எப்ப வேணா பிரதமர் வைக்கலாம். ஸ்கெரிட் 2004 ஜனவரியில, முந்தின பிரதமர் பியர் சார்ல்ஸ் திடீர்னு இறந்ததும் 31 வயசுல பதவிக்கு வந்தவர், அதுலேர்ந்து அவரோட லேபர் கட்சி தோத்ததே இல்ல. 2022 டிசம்பர்ல திடீர் தேர்தல் வச்சார், வாக்காளர் பட்டியல சரி பண்ணாம தேர்தலான்னு முக்கிய எதிர்க்கட்சிங்க போட்டி போடாம ஒதுங்கிட்டாங்க, 21-ல 19 லேபர் கட்சிக்கு, மீதி ரெண்டு சுயேச்சை. எதிர்க்கட்சித் தலைவர் பதவியே அந்த ரெண்டு சுயேச்சைல ஒருத்தருக்குத்தான் போச்சு. இருபது வருஷம் ஒரே ஆள், எதிர்ல ரெண்டே பேர், காகிதத்துல அமைப்பு எவ்ளோ அழகா இருந்தாலும் இது எனக்கு ஆரோக்கியமா தெரியல.

ஸ்கெரிட் வந்த கையோட தைவான் உறவ விட்டுட்டு சீனா பக்கம் போனார், அந்த சிநேகத்துல சீனா கட்டிக் குடுத்ததுதான் அஸ்வின் விக்கெட் எடுத்த அந்த விண்ட்சர் பார்க் ஸ்டேடியம், 2007-ல திறந்தாங்க. சின்ன நாடு பெரிய நாடுங்களோட உறவ எப்படி காசாக்கும்னு அதப் பாத்தா புரியும். இன்னொரு வருமானம் பாஸ்போர்ட், 1993-லேர்ந்து பணம் முதலீடு பண்றவங்களுக்கு குடியுரிமை குடுக்கறாங்க, அந்த தவளையும் கிளியும் போட்ட பாஸ்போர்ட்ட தீவ பாக்காத ஆளுங்க கூட வச்சிருப்பாங்க. இந்தியாவுக்கும் கணக்கு உண்டு, 2021 பிப்ரவரியில கொரோனா தடுப்பூசி 70,000 டோஸ் இங்கேர்ந்து போச்சு, அதுக்கு நன்றியா 2024 நவம்பர்ல அவங்க நாட்டோட உச்ச விருத பிரதமர் மோடிக்கு குடுத்தாங்க. அந்த உச்ச விருதுக்கு அடுத்தபடியா இருக்கற விருதோட பேர் என்ன தெரியுமா, சிசெரு விருது. கிளிய எங்க போனாலும் விட மாட்டாங்க.

ராணுவம் கிடையாது. ஏன் கிடையாதுங்கற கதை சினிமா மாதிரி இருக்கும். முதல் பிரதமர் பேட்ரிக் ஜான், சுதந்திரம் வாங்கி ஏழு மாசம் கூட சரியா ஓடல, வேலைநிறுத்தத்தையும் பத்திரிகையையும் ஒடுக்கற மாதிரி சட்டம் கொண்டு வந்தார், 1979 மே கடைசியில ஜனங்க தெருவுல எறங்கிட்டாங்க, பாதுகாப்புப் படை சுட்டுச்சு, அரசாங்கம் ஆடிப் போச்சு. ஜனாதிபதி நாட்ட விட்டே இங்கிலாந்துக்கு போயிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஒரே நாள்ல ராஜினாமா. இதெல்லாம் ஓயறதுக்குள்ள ஆகஸ்ட் 29 டேவிட் புயல் வந்து தீவ தரைமட்டம் ஆக்கிச்சு. ஒரே வருஷத்துல ஒரு புது நாட்டுக்கு இவ்ளோவா.

1980 தேர்தல்ல ஜெயிச்சு வந்தாங்க யூஜினியா சார்ல்ஸ். வக்கீல் அம்மா, ஆங்கிலம் பேசற கரீபியன் நாடுங்கள்லயே முதல் பெண் பிரதமர், 1995 வரைக்கும் பதினஞ்சு வருஷம் ஆண்டாங்க, கரீபியனோட இரும்புப் பெண்மணின்னு பேர். அவங்கள கவிழ்க்க 1981-ல ஒரு சதி, யாரு பண்ணினா? அமெரிக்காவுலயும் கனடாவுலயும் இருந்த வெள்ளை இனவெறிக் கும்பல், கு கிளக்ஸ் கிளான் ஆளுங்க, நியோ நாஜிங்க! கருப்பின மக்கள் வாழற ஒரு தீவ புடிச்சு, பழைய பிரதமர் பேட்ரிக் ஜான திரும்ப உக்கார வச்சு, அதுக்கு கூலியா தீவுல தொழில் பண்ணி பணம் பாக்கறது திட்டம். லூசியானாவுல ஒரு படகு பேசினாங்க, படகுக்காரர் அமெரிக்க அரசு அதிகாரிங்ககிட்ட சொல்லிட்டார், ஆயுதத்தோட கிளம்பற நேரத்துல நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துல கோழிய அமுக்கற மாதிரி அமுக்கிட்டாங்க. பாதுகாப்புப் படையில சில பேருக்கும் இதுல பங்குன்னு தெரிஞ்சதும் அந்தம்மா படையையே கலைச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து போலீஸ் மட்டும்தான். பேட்ரிக் ஜான் அப்புறம் ஜெயிலுக்கும் போனார்.

கோர்ட்டு விஷயம் சுருக்கமா, கீழ உள்ள கோர்ட்டுங்க தாண்டினா கிழக்கு கரீபியன் உச்ச நீதிமன்றம், பல தீவுக்கும் பொது, தலைமையகம் செயின்ட் லூசியாவுல. கடைசி அப்பீல் 2015 வரைக்கும் லண்டன்ல இருக்கற ப்ரிவி கவுன்சில்ங்கற கோர்ட்டுக்கு போயிட்டு இருந்துச்சு, இப்ப கரீபியன் நீதிமன்றத்துக்கு.

கிழக்குக் கரையில கலினாகோ பகுதின்னு தனியா 3,700 ஏக்கர் இருக்கு, 1903-ல ஒதுக்கினது. கொலம்பஸ் வந்தப்ப இருந்த அந்த மக்களோட வாரிசுங்க, சுமார் மூவாயிரம் பேர், அங்க இருக்காங்க. மத்த தீவுங்கள்ல பெரும்பாலும் அந்த இனமே அழிஞ்சு போச்சு, இங்க மலையும் காடும் காப்பாத்திச்சு. நிலம் தனியாளுக்கு சொந்தம் இல்ல, எல்லாருக்கும் பொது, சொந்தமா தலைவரையும் கவுன்சிலையும் தேர்ந்தெடுத்துப்பாங்க, நாடாளுமன்றத்துக்கும் ஆள் அனுப்புவாங்க. ரொம்ப காலம் அரசாங்க பேப்பர்ல "கரீப்"ன்னே எழுதினாங்க, வெள்ளைக்காரன் வச்ச பேர், 2015-லதான் சட்டப்படி கலினாகோன்னு மாத்தினாங்க. 2023 அக்டோபர் 2-ந் தேதி சில்வானி பர்ட்டன் ஜனாதிபதியா பதவி ஏத்தாங்க, முதல் பெண், முதல் கலினாகோ. அடுத்த மாசமே நவம்பர் 3 வந்துச்சு, கொலம்பஸ் பேர் வச்ச அதே தேதி, நாட்டுத் தலைவியா நின்னது வைத்துகுபுலின்னு பேர் வச்ச கூட்டத்து பொண்ணு.

தேசிய பூவ சொல்ல மறந்துட்டேன். ப்வா க்வைப், கரீப் மரம்னு அர்த்தம், இதுவும் அந்த தீவுக்கே உரியதுதான். மழையில்லாத மாசத்துல இலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கறப்ப குப்புன்னு செவப்பா பூத்துடும், நம்ம கல்யாண முருங்கை பூக்கற மாதிரி, ரெண்டும் ஒரே குடும்பம்தான். தேசிய கீதம் "அழகின் தீவே, ஒளியின் தீவே"ங்கற மாதிரி ஆரம்பிக்கும், டபிள்யூ. ஓ. எம். பாண்ட் எழுதி லெமுவல் கிறிஸ்டியன் மெட்டு போட்டது, 1967-ல உள்நாட்டு சுயாட்சி வந்தப்பவே பாட ஆரம்பிச்சாச்சு.

தேசிய உடைதான் எனக்கு ஆச்சரியம். வோப் ட்வியெட்னு சொல்ற கவுன், உள்ள வெள்ளை லேஸ் வச்ச பாவாடை, தோள்ல ஒரு முக்கோணத் துணி, தலையில கட்டு. அதுல வர்ற கட்டம் போட்ட துணிக்கு அங்க பேர் "மட்ராஸ்". ஆமாங்க, நம்ம மெட்ராஸ். சோழமண்டலக் கரையில கைத்தறியில நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, கப்பல் ஏறி ஐரோப்பா வழியா, மேற்கு ஆப்பிரிக்கா வழியான்னு சுத்தி அடிமை வியாபாரம் நடந்த காலத்துலயே கரீபியனுக்கு போயிருக்கு. அங்க அடிமையா இருந்த பொம்பளைங்க ஞாயித்துக்கிழமைக்கும் திருவிழாவுக்கும் அத தலையில கட்டினாங்க, அப்படியே மொத்த தீவுங்களுக்கும் அடையாளம் ஆயிடுச்சு. நெய்தவன் பேர் எங்கயும் இல்ல, ஊர் பேர் மட்டும் துணியோட ஒட்டிட்டு போயிருக்கு. இங்க நாம சென்னைன்னு மாத்திட்டோம், அங்க அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை கிரியோல் நாள்ல ஸ்கூல் பசங்க, பேங்க் கேஷியர், பஸ் டிரைவர்னு எல்லாரும் மட்ராஸ் கட்டிக்கிட்டுதான் வருவாங்க. அக்கா பையன்கிட்ட அந்த போட்டோவ காட்டினேன், "மாமா இது தாத்தா லுங்கி"ன்னான்.

அதுக்கு அடுத்து நவம்பர் 3 சுதந்திர நாள், அணிவகுப்பு, கொடி, கிளி எல்லாம். நவம்பர் 4-ம் லீவுதான், ஆனா தூங்கறதுக்கு இல்ல, சமுதாய சேவை நாள்னு பேர், ஊர் ஊரா சேந்து ஸ்கூலுக்கு பெயின்ட் அடிப்பாங்க, ரோட்டோரம் புதர வெட்டுவாங்க, யாரோ ஒரு பாட்டி வீட்டுக்கு கூரை மாட்டுவாங்க.